காவிரித் தீர்ப்பும் 262-ஆவது பிரிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நதிநீர்ச் சிக்கலில் உச்ச நீதிமன்றம் தலையிடவே முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 262-ஆவது பிரிவைக் காட்டி மேடைகளில் பேசுகிறார்கள். போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் அப்படியே அச்சிடுகின்றன. அப்படியானால் காவிரியில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 16.2.2018 அன்று தீர்ப்புச் சொன்னது எந்த நீதிமன்றமாம்?

262(2) தானாக யாரையும் தடுப்பதில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை விதிக்கலாம் என்கிறது, அவ்வளவுதான். தடையை விதித்தது 1956-ஆம் ஆண்டு நதிநீர்ப் பிணக்குகள் சட்டத்தின் 11-ஆவது பிரிவு. அதையும் கடைசிவரை படிக்க வேண்டும். அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நடுவர் மன்றத்துக்கு அனுப்பத்தக்க பிணக்கில்தான் உச்ச நீதிமன்றத்துக்கும் பிற நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் இல்லை. நடுவர் மன்றம் அளித்துவிட்ட தீர்ப்பைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.

மேல்முறையீட்டுக்குச் சிறப்பு அனுமதி தரும் 136-ஆவது பிரிவு, 'இந்த அத்தியாயத்தில் என்ன கூறியிருந்தாலும்' என்று தொடங்குகிறது. 262(2)-இல் இருப்பதோ 'இந்த அரசமைப்பில் என்ன கூறியிருந்தாலும்'. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் 262-தான் நிற்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், மோதல் வரவில்லை. 262, பிணக்கை முதலில் யார் விசாரிப்பது என்பதைப் பற்றியது. 136, தீர்ப்பாயங்களின் முடிவு மீதான மேல்முறையீட்டைப் பற்றியது. 136(2) வெளிப்படையாக விலக்கு அளிப்பது ஆயுதப் படைகள் தொடர்பான நீதிமன்றங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் மட்டுமே.

உண்மையான சிக்கலைக் கிளப்பியது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2002 திருத்தத்தின் வழியே நுழைந்த 6(2)-ஆவது பிரிவு. நடுவர் மன்ற முடிவு அரசிதழில் வெளியானதும் அதற்கு உச்ச நீதிமன்ற ஆணைக்குரிய வலு உண்டு என்றது அது. நிறைவேற்றுவதற்கு வசதியாக எழுதிய வாசகம். ஆனால், எழுதிய விதம் சரியில்லை. உச்ச நீதிமன்றம் தன் ஆணைக்கு எதிராகத் தானே மேல்முறையீடு கேட்கலாமா என்ற கேள்விக்கு அதுவே இடம் கொடுத்தது. காவிரி மேல்முறையீடுகள் செல்லாது என்று மத்திய அரசு 2016-இல் வாதிட்டது. அந்த வலு ஒரு சட்டப் புனைவு (உண்மையில் இல்லாததை இருப்பதாகச் சட்டம் வைத்துக்கொள்வது), அதைக் கொண்டு 136 தரும் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்று 9.12.2016 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகே நடுவர் மன்றம் தந்த 192 டி.எம்.சி. 14.75 குறைந்து 177.25 ஆனது. அதிகாரம் உண்டு என்றதால் நமக்கு ஆதாயம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி மாநிலங்கள், மாநிலங்களுக்கிடையிலான வழக்கை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்க வகைசெய்யும் 131-ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கும்போது கோரிக்கைப் பத்தியில்தான் கவனம் வேண்டும். 'எங்கள் பங்கை நிர்ணயித்துத் தாருங்கள்' என்று எழுதினால் 11-ஆவது பிரிவு குறுக்கே வரும். 'முடிவான தீர்ப்பை மீறுகிறார்கள், தடுங்கள்' என்றால் வராது. கிருஷ்ணா நடுவர் மன்றத் தீர்ப்பு மீறப்படுவதாக, கர்நாடகத்தின் ஆலமட்டி அணை தொடர்பில் ஆந்திரம் தொடுத்த வழக்கை 2000-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தே முடிவு செய்தது.

வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி