காண்டாமிருக வண்டின் வயிற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேளாண் பகுதியில், தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டில் ‘கொம்புள்ளது ஆண், கொம்பில்லாதது பெண்’ என்று எழுதியிருந்தீர்கள். இது தவறு, படித்துவிட்டுப் பின்பற்றும் விவசாயிக்குக் கெடுதலும்கூட. பெண்ணுக்கும் கொம்பு உண்டு. பொதுவாக ஆணின் கொம்பு நீளம்தான் என்றாலும், குட்டைக் கொம்பு ஆண்களும் இருப்பதால் அதை நம்ப முடியாது.

வண்டை மல்லாக்கப் போட்டு வயிற்றின் நுனியைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண். ஆணுக்கு அந்த இடம் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். தடித்த மேல் சிறகுகள் முதுகை மூடினாலும் இந்த நுனியை முழுதாக மறைப்பதில்லை. ஆகவே சிறகைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். சிறகைத் தூக்கினால் இன்னும் வியப்பு: அடிவயிறு கெட்டியான தகடுகளாக இருக்க, சிறகுக்குக் கீழே மறைந்த மேல்பக்கம் மெத்தென்று இருக்கிறது. மூச்சுவிடும் துளைகளும் வயிற்றின் இரு ஓரங்களிலும் வரிசையாக உள்ளன. எருக்குழியில் கிடைக்கும் இந்த வண்டின் புழுவின் பக்கவாட்டில் அவற்றை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

இதைத் தெரிந்துகொள்வதால் தோப்புக்கு என்ன லாபம்? கவர்ச்சிப் பொறியில் வைக்கும் வாசனை ஆண் வண்டு வெளியிடுவது. ஆனால் இரு பாலும் அதைத் தேடி வரும். எருக்குழியில் முட்டையிடப் போகிறவை பெண்கள். பொறியில் எத்தனை பெண் விழுந்தது என்பதைக் கொம்பை வைத்து எண்ணினால் கணக்கே புரண்டுவிடும்.

இந்த வண்டுக்கு நோய் தரும் வைரஸ் பற்றி அதே பகுதியில் ஒரே வரியில் தாண்டிப் போனதும் எனக்கு வருத்தம். 1960களில் மலேசியாவில் கண்டறியப்பட்டு, 1967இல் பசிபிக் தீவான சமோவாவில் வண்டைக் கட்டுப்படுத்த விடப்பட்ட அந்த வைரஸ், வண்டின் நடுக்குடலில்தான் பெருகுகிறது. நோயுற்ற வண்டின் வயிற்றைக் கீறினால் குடல் வீங்கி வெளுத்திருக்கும். தீனி குறைகிறது, எச்சத்தின் வழியே மற்ற வண்டுகளுக்கும் நோய் பரவுகிறது. குருத்தைக் குடையும் பூச்சியை அதன் குடலிலேயே மடக்கும் இந்த வழிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். ஆண், பெண் இரண்டையும் மல்லாக்கக் கிடத்தி எடுத்த பெரிய படமும் அதோடு வரட்டும். முதுகுப்புறப் படம் எங்களுக்கு உதவாது.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை.