பிளக் நாலையும் கழட்டிப் பார்த்துட்டு அட்வான்ஸ் குடு

கல்லடி,
ஞாயிறு பின்னேரம்.

மச்சான்,

தீபாவளிக்கு நீ எழுதினதுக்கு இப்பதான் பதில் போடுறன். பிழை என்னிலதான், கோவிக்காத. வீட்டில எல்லாரும் சுகம். மாமிக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப பேப்பர் வாசிக்கிறா. வாத்தியார் இன்னும் அதே சைக்கிள்தான், அதே பெல்தான்.

சின்னவன் வந்து சொன்னதைக் கேட்டுத்தான் உடனே எழுத இருந்தன். அக்கரைப்பற்றில 2002 டொயோட்டா அலியன் கார் ஒண்டு, ஆயிரத்து எண்ணூறு சீசீ எஞ்சின், பெயின்ட் கண்ணாடி மாதிரி, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கப்போறியாம். பெயின்டைப் பார்த்து மயங்குற பழக்கம் உனக்கு ரலி சைக்கிள் காலத்திலயே இருக்கு. வெள்ளிக்கு முன்ன இதை முழுக்க வாசி.

அந்த எஞ்சின் வன் இசட் இசட். கெட்ட எஞ்சின் இல்ல. டைமிங் பெல்ட் மாத்துற செலவும் இல்ல, உள்ளுக்குச் சங்கிலி. ஆனா முதல் வருசங்களில வந்த பிஸ்டனில ஒரு குறை இருக்கு. ஒயில் ரிங் வழிச்செடுக்கிற ஒயில் திரும்பிக் கீழ போறதுக்குப் பிஸ்டனில விட்ட ஓட்டைகள் சின்னது. ஒயிலை நேரத்துக்கு மாத்தாம ஓடினா அந்த ஓட்டைகள் கரி பிடிச்சு அடைபடும், ரிங்கும் காடியில இறுகிரும். மறுகா ஒயிலுக்குப் போக வழி ஏது? மேல ஏறி பெற்றோலோட சேர்ந்து எரியும். பிறகு கொம்பனி பிஸ்டனைத் திருத்தினது. 2002 எண்டா சந்தேகத்தோடதான் பார்க்க வேணும்.

கணக்குப் பார். இந்த வருத்தம் முத்தின எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கும். மட்டக்களப்பில இருந்து கொழும்பு போய்வந்தா 600 கிலோமீற்றருக்கு மேல. எஞ்சினுக்குள்ள மொத்தமே 3.7 லீற்றர் அளவுதான். ஒயில் அளக்கிற கம்பி, டிப் ஸ்டிக்கில மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையில ஏறத்தாழ ஒரு லீற்றர். ஒரு கொழும்புப் பயணம், அந்தக் கிழமையே அம்பாறைக்கு ரெண்டு மூண்டு ஓட்டம், கீழ் கோட்டில வந்து நிக்கும். டாஷ்போட்டில சிவப்பு லைட் எரியட்டும் பார்ப்பம் எண்டு நினைச்சிராத. அது ஒயில் குறைஞ்சதைக் காட்டாது, அமுக்கம் விழுந்ததைத்தான் காட்டும். அது எரியக்குள்ள பெயாரிங் உரசத் தொடங்கியிருக்கும்.

விக்கிறவன் இதை மறைக்க லேசான வழி, 20டபிள்யூ-50 மாதிரிக் கட்டி ஒயிலை ஊத்துறது. கொஞ்ச நாளைக்குப் புகை அடங்கும். அதனால காலையில எஞ்சினைத் தொட விடாதே எண்டு முதலே சொல்லி வை. குளிரில நீயே ஸ்டார்ட் பண்ணு. மறுகா சூடேறினதும் அஞ்சு நிமிசம் ஐட்லிங்கில விட்டு ஒரே மிதியா மிதி, பின்னுக்கு ஆளை நிப்பாட்டு. நீலப் புகை வந்தா விசயம் முடிஞ்சுது. சைலன்சர் வாயை விரலால துடைச்சுப் பார். காய்ஞ்ச கரி எண்டா பரவாயில்ல, பிசுபிசுப்பா ஒட்டினா ஒயில்.

அதுக்கும் மேல, பிளக் நாலையும் கழட்டிப் பார்க்க வேணும். ஒவ்வொண்டுக்கும் மேல கொயில் இருக்கு, 10 நம்பர் போல்ட் ஒண்டுதான், அரை மணித்தியால வேலை. கழட்டினதை ஒழுங்கு மாறாம ஒரு துணியில அடுக்கு. நுனி மண்ணிறமா காய்ஞ்சிருந்தா நல்லது. புரியில ஒயில் ஈரமும் நுனியில வெள்ளைச் சாம்பலும் கட்டியிருந்தா அந்தச் சிலிண்டர் குடிக்குது. பிளக் வெளியில இருக்கக்குள்ளயே கொம்பிரசனும், அதான் சிலிண்டருக்குள்ள அமுக்கம், அளந்திரு. நாலும் கிட்டக்கிட்ட வர வேணும், ஒண்டு மட்டும் ஒரு கிலோவுக்கு மேல இறங்கினா விட்டிரு.

ரிங் மட்டும் மாத்தினாப் போதும் எண்டு ஆரும் சொன்னா நம்பாத. பழைய பிஸ்டனையே திரும்பப் போட்டா அந்த ஓட்டைகளும் திரும்ப வரும். திருத்தின பிஸ்டன், ரிங், வால்வ் சீல், காஸ்கட் செட், பெயாரிங், ஹெட்டை லேத்துக்கு அனுப்புற கூலி எல்லாம் ஒண்டோட ஒண்டு சேரும். யப்பான் ரீகண்டிஷன் எஞ்சின் போடலாம்தான், ஆனா அதுவும் அதே பிஸ்டனோட வரலாம், எஞ்சின் நம்பரையும் வாகனப் பதிவுப் புத்தகத்தில மாத்த வேணும். அந்தச் செலவை இப்பவே விலையில கழி. இல்லாட்டி ஆயிரத்து ஐந்நூறு எஞ்சின் உள்ளதைத் தேடு, அதில இந்தப் பயம் குறைவு.

எஞ்சின்ட பக்கத்தில, சங்கிலி மூடியில ஒயில் வழிஞ்சிருந்தா மட்டும் பயப்படாத. அனேகமா சங்கிலியைத் தளராம அமத்தி வைக்கிற டென்சனரில இருக்கிற ஓ-ரிங் காய்ஞ்சிருக்கும். ரெண்டு நட்டு, சின்ன ரப்பர் வளையம், காசே இல்ல. ஆனா டென்சனர் வெளியில இருக்கக்குள்ள எஞ்சினைச் சுத்தக் கூடாது. திரும்பப் பூட்டக்குள்ள தண்டை உள்ளுக்கு அமுக்கிக் கொக்கியில மாட்டிப் பூட்டி, பிறகு கிராங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுத்த வேணும், அப்பதான் கொக்கி விடுபட்டுத் தண்டு சங்கிலியை அமத்தும். அவசரக்கார மெக்கானிக் பாஸ்மார் கொக்கியை விடுவிக்க மறந்தா சங்கிலி தளந்தபடியே கிடக்கும், பல்லுத் தாண்டினா வால்வும் போகும்.

மற்றது நம்மட ஊர் வருத்தம். றேடியேட்டரில கிணத்துத் தண்ணி ஊத்தியிருக்கா பார். கரையோர உப்புத் தண்ணி உள்ளுக்குத் துருவும் படையும் கட்டும். மூடியைத் திறந்தா சிவப்புக் கூலன்ட் தெரிய வேணும், தேயிலைச் சாயம் தெரியக் கூடாது. சூடு கூடுது எண்டு, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற தேர்மோஸ்டாற்றைக் கழட்டி எறிஞ்சிருந்தா, வேற வருத்தத்தை மறைச்சிருக்கான். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தையும் டிக்கியில ஸ்பெயார் வீல் குழியையும் பார். 2011 தை வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிண்ட வாகனம் எண்டா சேறு எங்கயாவது ஒரு மூலையில மிஞ்சியிருக்கும்.

வாங்கினா ஓட்டோ கியர் ஒயிலையும் மாத்து, டைப் டீ-ஃபோர் எண்டு கேள். ஒருதரம் வடிச்சா மூண்டு லீற்றர் அளவுதான் வரும், மிச்சம் உள்ளுக்கே நிக்கும். இடைவெளி விட்டு மூண்டு தரம் மாத்து.

2020 பங்குனியில இருந்து 2025 மாசி வரைக்கும் புதுக் கார் வராததால பழசெல்லாம் தங்க விலைக்கு ஏறினது. உன்ட பென்சன் காசு மச்சான், அதனாலதான் இவ்வளவும் எழுதுறன். பிளக் நாலையும் ஒழுங்கு மாறாம படம் எடுத்து வியாழன் இரவே அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரைக்கும் ஒரு சதமும் குடுக்காத.

அன்புடன்,
உன்ட மச்சான்