பிளாக்கியின் கிண்ணத்தில் பீட்சா வேண்டாம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும், வளாகத்து நாய்களுக்கு ஆசையாகச் சாப்பாடு வைக்கும் எல்லா வீட்டாருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பால் பாக்கெட் எடுக்கக் கீழே வந்தேன். ஜெனரேட்டர் அறைப் பக்கம் பிளாக்கி நின்றிருந்தான். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையோடு ஒட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தான். சோம்பல் முறிக்கிறான் என்று நினைத்து “என்னடா” என்றேன். வால் ஆடவில்லை. இரண்டு நிமிஷம் கழித்தும் அதே நிலை. பக்கத்தில் மஞ்சள் நுரையாக வாந்தி, அதில் நூல் நூலாகச் சீஸ்.

வயிறு தாங்க முடியாமல் வலிக்கும்போது நாய் அப்படித்தான் நிற்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்ததில் கணையம் வீங்கியிருந்தது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. வாட்ச்மேன் அண்ணன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் பிறந்தநாள் விழா நடந்தது. மிஞ்சிய சீஸ் பீட்சாவும் பூண்டு ரொட்டியும் அவன் கிண்ணத்துக்குப் போயிருக்கின்றன. யார் வைத்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வீணாய்ப் போகிறதே, பாவம், வாயில்லா ஜீவன் சாப்பிடட்டும் என்றுதான் வைத்திருப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் நம் வாட்ஸ்அப் குழுவில் சீஸ் நாய்க்கு ஆகுமா ஆகாதா என்று இரண்டு நாள் ஓடிய வாக்குவாதம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. இரண்டு பக்கமும் பாதிதான் சரி.

சீஸே விஷம் என்றவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, பால்குடி மறந்தபின் பல நாய்களுக்குக் குறைந்துபோகிறது. பால் குடித்தால் சில நாய்களுக்குப் பேதியாவது அதனால்தான். சீஸ் செய்யும்போதோ பாலிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி தண்ணீரோடு வடிந்துவிடும். செடார் மாதிரி மாதக்கணக்கில் வைத்துப் பதமாக்கும் சீஸில் அது மிஞ்சுவதே அபூர்வம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நாய்க்குச் சுண்டுவிரல் நகமளவு கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பயிற்சி கொடுப்பவர்கள் பலரும் அப்படிக் கொடுப்பதுண்டு.

“தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய், சீஸ் என்ன செய்யும்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் தயிரில் கொழுப்பு 100 கிராமுக்கு நான்கைந்து கிராம்தான். செடாரில் மூன்றில் ஒரு பங்கே கொழுப்பு. 5 கிலோ எடையுள்ள ஒரு பொமரேனியனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 350 கலோரி. 25 கிராம் சீஸ் க்யூப் ஒன்றில் 80 கலோரி போல இருக்கிறது. நாம் பேசிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்ளும் ஒரே ஒரு துண்டு, அதற்குக் கிட்டத்தட்ட கால்வாசி நாள் சாப்பாடு. தீனியெல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பழக்கமில்லாத நாய் ஒரேயடியாக இவ்வளவு கொழுப்பைத் தின்றால் கணையம் வீங்கலாம். உடம்பு போட்ட நாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதோடு, நம் வீட்டு மிச்சத்தில் சீஸ் தனியாகவா இருக்கிறது? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேக வைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பாதிப்பு உடனே தெரியாமல், சில நாள் கழித்து ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்த பிறகு தெரியலாம் என்பதுதான் பயமே. நீலப் பூசணம் ஓடிய ப்ளூ சீஸை ஒரு துணுக்குக்கூட வைக்காதீர்கள். அதில் உருவாகும் ஒரு நச்சு நாய்க்கு நடுக்கத்தையும் வலிப்பையும் வரவைக்கும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பது இங்கே சகஜம். அதைச் சீஸுக்குள் பொதிந்து கொடுப்பதும் சகஜம், நானே செய்திருக்கிறேன். சீஸிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரை உள்ளே போகும், உடம்பில் சேர்வது குறையும். வேறு சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே கதைதான். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வேகவைத்த கோழித் துண்டிலோ இட்லித் துண்டிலோ பொதிந்து கொடுங்கள்.

சங்க நிர்வாகிகளிடம் கேட்பது ஒன்றுதான். வளாகத்து நாய்களுக்குச் சாப்பாடு வைக்க இடமும் நேரமும் ஒதுக்கித் தருவது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்கிறது 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளில் 20ஆம் விதி. நாமும் இடம் ஒதுக்கிவிட்டோம், கிண்ணமும் வைத்துவிட்டோம். அந்தக் கிண்ணத்தில் என்ன விழலாம், என்ன விழக் கூடாது என்று ஒரு பலகை மட்டும் இன்னும் இல்லை. பீட்சா, பூண்டு ரொட்டி, பிரியாணி மிச்சம், எலும்பு, சாக்லேட், கேக் வேண்டாம். உப்பும் மசாலாவும் சேராத சோறு, வேகவைத்த கோழி, முட்டை, பூசணிக்காய் வைக்கலாம். எழுதிக் கொடுக்க நான் தயார், பலகைச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன்.

பிளாக்கி நேற்றிலிருந்து குழைந்த சோறு சாப்பிடுகிறான், பாதிக் கிண்ணம்தான். வரும் சனிக்கிழமை மாடியில் இன்னொரு விழா இருப்பதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். தயவுசெய்து அதற்கு முன்பே கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் தளத்துக் குடியிருப்பாளர்