கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிந்து, மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். பில்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த மாலையிலும் சங்க அறைக்கு வரலாம்.

“சாக்கடைக்கா இவ்வளவு செலவு?” என்று அன்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம் தெருக்களின் கழிவுநீர் இதுவரை வாய்க்காலில் விழுந்து, கண்மாய்க்குப் போய், மறுகால் வழியாக வைகையில் சேர்ந்தது. வருசநாட்டு மலையில் பிறக்கும் இந்த ஆறு மதுரையில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. அழகர் இறங்குவதற்கே வைகை அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. நிறையத் தண்ணீர் ஓடும் ஆற்றில் அழுக்கு கரைந்து நீர்த்துப்போகும். வைகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோடையில் ஆற்றுக்குள் கறுப்பாக ஊர்ந்துபோவது பெரும்பாலும் நாம் விட்டதுதான்.

கெடுவது எப்படி என்றால், நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வேண்டும். மீனுக்கு என்ன மிஞ்சும்? ஆற்றில் நடக்கிற இந்தத் தீனியைத் தொட்டிக்குள்ளேயே நடத்தி முடிப்பதுதான் நம் நிலையத்தின் வேலை.

120 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்று கணக்குப் போட்டால் சுமார் 52 ஆயிரம் லிட்டர். அதனால் 60 ஆயிரம் லிட்டருக்குக் கட்டினோம். கம்பிச் சல்லடையைத் தாண்டி வரும் நீர் காற்றுத் தொட்டிக்குப் போகிறது. அங்கே புளோயர் இரவு பகலாகக் காற்றை அடிக்கிறது. அப்புறம் தெளியும் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின்.

முதல் மாதம் படாதபாடு பட்டோம். ஜெனரேட்டர் இணைப்பை ஒப்பந்தக்காரர் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். ஓர் இரவு மின்சாரம் போய்ப் புளோயர் நின்றது. விடிவதற்குள் தொட்டி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் கிழக்குத் தெருவையே எழுப்பிவிட்டது. தேறி வருகிற நேரத்தில் யாரோ டைல்ஸ் கழுவிய ஆசிட்டை ஊற்றிவிட, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் நுண்ணுயிர்கள் நிறைந்த கசடு கொண்டுவந்து, சாணியும் கரைத்து ஊற்றி அவற்றை வளர்த்தோம். யார் வீடு என்று விசாரிக்கவில்லை. இனி ஆசிட், பினாயில், சமையல் எண்ணெய் எதையும் மொத்தமாக ஊற்ற வேண்டாம். உள்ளே இருப்பவை உயிர்கள்.

தினமும் காலையில் ஆபரேட்டர் தொட்டி நீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்துத் திண்ணையில் வைக்கிறார். நேரம் இருந்தால் வந்து பாருங்கள். முதலில் ஜாடி முழுக்கப் பழுப்பாகக் கலங்கியிருக்கும். கொஞ்ச நேரத்தில் திரி திரியாகத் திரண்டு இறங்க ஆரம்பிக்கும். அரை மணியில் கசடு அடியில் படிந்துவிட, மேல் நீர் வழியாகப் பின்னால் இருக்கும் வேப்பமரம் தெரியும். மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். வந்துகொண்டிருக்கிறது. எங்கள் பொருளாளர் பேப்பர் படிப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வந்துவிடுகிறார்.

வெளியேறும் நீரின் ஆய்வக அறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. பாதி நீர் பூங்காவுக்கும் சாலையோர மரங்களுக்கும் போகிறது, மீதிதான் வாய்க்காலுக்கு. நம் பங்கு நின்றதால் மட்டும் கண்மாயில் ஆகாயத்தாமரை போய்விடாது, மேல்புறத்துத் தெருக்களின் சாக்கடை இன்னும் அதில்தான் விழுகிறது. அவர்கள் சங்கத்தாரை ஜாடி பார்க்க அழைத்திருக்கிறோம்.

மாதச் செலவில் மின்கட்டணம்தான் பெரிது. அதற்கான சந்தா உயர்வு அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு வரும். காய்ந்த கசடு ஞாயிறு காலை கொடுக்கப்படும். சாக்கு நீங்களே கொண்டு வாருங்கள். பூச்செடிக்குப் போடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
பணிக் குழுவினர்