வளையாத குரோசான்

புவெனஸ் அய்ரஸ்
ஆகஸ்ட் 19

லூசியா கண்ணு,

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய குரோசான் படத்தை மாவு மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் "என் மகள் போட்டது" என்று காட்டுகிறேன். குறுக்கே வெட்டின இடம் தேன்கூடு மாதிரி இருக்கிறது. மூன்று மூன்றாக மூன்று தடவை மடித்து 27 அடுக்கு என்று எழுதியிருந்தாய். அந்தக் கை எனக்கு இல்லை. ஆனால் பேர் பிறை, உருவம் நேர்கோடா? நம் கடையில் நேராக இருந்தால் அது விஹிலாந்தே, போலீஸ்காரன் தடி. அராஜகவாதி மலத்தெஸ்தா காலத்துப் பேக்கரித் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வைத்த கிண்டல் பேர் என்று கொள்ளுத்தாத்தா விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

4ஆம் தேதி பேக்கரிக்காரர் தினம். போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வேலை அதிகமாக இருந்திருக்கும். எதுவும் கேட்காதீர்கள் என்று அம்மா சொன்னாள், கேட்கவில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அடுப்பு முன்னால் நிற்காதே.

மூலை வீட்டுப் பையன் பாரிசிலிருந்து வந்திருக்கிறான். உன் கடைக்குப் போனானாம், உன்னை அங்கே பார்க்கவில்லையாம். ஆகஸ்டில் அங்கே எல்லோரும் விடுமுறை எடுப்பார்களாமே, அதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு பெட்டி குரோசான் கொண்டுவந்தான். நசுங்கிப்போயும் வெண்ணெய் வாசம் போகவில்லை. கடித்தால் சட்டையெல்லாம் பொருக்கு. இனிப்பும் இல்லை, பாகும் இல்லை. நம் ஊர்ப் பிறை, மெதியாலூனா, ரொட்டிக்குப் பக்கத்து வீடு: மாவிலேயே முட்டை, சர்க்கரை, எலுமிச்சைத் தோல். அடுப்பிலிருந்து எடுத்ததும் மேலே பாகு, விரலில் ஒட்ட வேண்டும். கொழுப்பு போட்டுச் செய்வது வேறு, மெலிசு, உப்புக் கரிக்கும், அதைத்தான் நீ திருடித் தின்பாய். குரோசானைப் பால் காப்பியில் தோய்த்துப் பார்த்தேன், காப்பியெல்லாம் நெய்ப் படலம். ஆளுக்கு ஒன்று போதுமாம் அங்கே. நாங்கள் டஜனாக விற்கிறோம். ஒற்றையாக வாங்குகிற ஊரில் நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? பெருமை அடிக்க அவர்களுக்கும் ஒன்றுமில்லை, 1830களின் கடைசியில் வியன்னாவிலிருந்து வந்த சாங் என்பவர் பாரிசில் கடை போட்டுத்தான் அவர்களுக்கே இது தெரியும். வெறும் வயிற்றோடு மட்டும் நிற்காதே.

பையன் இன்னொன்றும் சொன்னான். அங்கே வெண்ணெய் போட்டதை நேராகவும் மார்கரின் என்ற மலிவுக் கொழுப்பு போட்டதை வளைத்தும் வைப்பது வழக்கமாம். சட்டம் இல்லையாம், ஆனாலும் பார்த்தாலே தெரிந்துவிடுமாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2002 உனக்கு நினைவிருக்கும். பெசோவின் மதிப்பு விழுந்தது, வெண்ணெய் கைக்கு எட்டவில்லை. "வெண்ணெய் மெதியாலூனா" என்ற பலகையை நான் இறக்கவில்லை. மார்கரின் போட்டேன், வாசத்துக்கு வனிலா கூட்டினேன். மாடி வீட்டுப் பாட்டி உன்னிடம் கேட்டாள், "வெண்ணெய்தானே குட்டி?" நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆமாம்" என்றாய். ஒன்பது வயசு. ராத்திரி என்னிடம் கேட்டபோது கையை ஓங்கினேன். அதற்குப் பிறகு நீ கல்லாப் பக்கம் வரவே இல்லை, சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

உருவத்தையாவது மாற்றிப் போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பையன் வியாழக்கிழமை திரும்பிப் போகிறான், இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறைக்குள் 200 யூரோ இருக்கிறது. விடுமுறைச் செலவுக்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா