பெயர் ஒட்டாத பாட்டிலில் ஹார்டனர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் தோற்றத்தை மாற்ற வெளிப்புறத்தில் பொருத்தும் பாகங்களான பாடி கிட்டை வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே பெயிண்ட் அடித்து மாட்டிக்கொள்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பட்டறைக் கூலி மிச்சமாகும் என்பதும், பொறுமை உள்ள எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நீண்ட கட்டுரையில், பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் திரவமான ஹார்டனர் என்ற சொல் ஒரே ஓரிடத்தில், 'ஹார்டனர் கலந்து அடிக்க வேண்டும்' என்று போகிற போக்கில் வந்துவிட்டுப் போகிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

கடந்த ஆண்டு என் மகனின் காருக்கு முன் லிப் (முன் பம்பரின் அடியில் மாட்டும் விளிம்பு), இரண்டு பக்கப் பட்டைகள், பின் பம்பருக்கான அடிப்பகுதி ஆகிய நான்கையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கி வந்து, அம்பத்தூரில் எங்கள் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் இருவருமாக வேலையைத் தொடங்கினோம். அவை ஃபைபர் கிளாஸால் ஆனவை. கம்பெனி பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் கலவையில் வார்க்கப்படுவதால், அவற்றின் மீது ஒட்டுதலுக்கான தனி ப்ரைமரை (அடிப்பூச்சை) அடிக்காவிட்டால் பெயிண்ட் வெங்காயச் சருகுபோல உரிந்து வந்துவிடும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய மெழுகு அதன் மேல் படிந்திருக்கும் என்பதால், உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் அதை முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பின்னால் பெயிண்டில் மீன் கண் போன்ற குழிகளாக வெளிப்படும். முதல் பட்டையில் அந்தப் பாடத்தைப் படித்தோம்.

பெயிண்டுக்கு முன்பே கிட்டை ஒருமுறை காரில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று தங்கள் கட்டுரையாளர் சொல்லியிருப்பது முற்றிலும் சரி. எங்கள் முன் லிப்பின் இடது ஓரம் சக்கர வளைவோடு ஒரு விரல் அகலத்துக்குச் சேராமல் நின்றது. தேய்த்தும் பட்டி போட்டும் அதைச் சரிசெய்யவே ஒரு நாள் போயிற்று. தகட்டில் புதிதாகத் துளை போட நேர்ந்தால், அதன் விளிம்பில் துருத் தடுப்பு ப்ரைமர் தடவாமல் திருகாணியை முறுக்கக் கூடாது. இரட்டைப் பக்க டேப்பை நம்புகிறவர்கள், அதன் பிடிப்பு முழு வலுவை அடைய ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்து, அதுவரை வண்டியைக் கழுவாமல் இருப்பது நல்லது.

இந்த வேலையில் பெரும்பகுதி தேய்ப்புதான். ஃபைபரின் மேல்பூச்சில் குண்டூசி முனையளவே உள்ள துளைகள் நிறைய இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. 180ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 320, 600 என்று ஏறி, இடையில் கறுப்புப் பெயிண்டை மிக மெல்லிய தூவலாக அடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு தங்கிக் காட்டிக்கொடுக்கும். மகன் விரல் நுனியில் பட்டியை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக அழுத்தி அடைத்துக்கொண்டே போக, நான் பின்னால் தேய்த்துக்கொண்டே போனேன். நான்கு நாட்கள் அப்படிக் கழிந்தன. சலிப்பான வேலை என்றாலும், தந்தையும் மகனும் பேசிக்கொண்டே செய்வதற்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. இதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

நிறம் தரும் பூச்சான பேஸ் கோட்டும் பிசகில்லாமல் முடிந்தது. அதற்கு மேல் பளபளப்புக்காக அடிக்க வேண்டிய நிறமற்ற கிளியர் கோட்டை வாங்கப் போனபோது, ஒரு லிட்டர் டின் முழுவதும் தேவைப்படாது என்பதால் கடைக்காரர் சில்லறையாகக் கொடுத்தார். கிளியர் ஒரு பழைய டப்பாவிலும், ஹார்டனர் ஒரு காலிக் குளிர்பான பாட்டிலிலும் வந்தன. பாட்டிலின் மீது எந்தத் தாளும் ஒட்டப்படவில்லை. 'ரெண்டுக்கு ஒண்ணு சார், கலந்துட்டா உடனே அடிச்சிடணும்' என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட முழு விவரம். பார்ப்பதற்குத் தண்ணீர்போலத் தெளிவாக, நெடியும் தின்னர் அளவுக்கு இல்லாமல் இருந்தது. கொரோனா காலத்தில் வாங்கி மீந்திருந்த என்95 முகக்கவசத்தை அணிந்துகொண்டு, மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிய இடத்துக்குள் நின்று அதைக் கிளியரோடு கலந்து அடித்தேன். தூசி வராமல் இருக்கக் கட்டிய தார்ப்பாய், புகையும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டது. பளபளப்பு நன்றாக வந்தது. ஒரு கொசு மட்டும் வலது பட்டையில் சமாதியாகிவிட்டது.

அன்றிரவு பத்து மணிக்கு மேல் எனக்கு நெஞ்சு இறுகி, இழுப்பு தொடங்கியது. ஐம்பத்தெட்டு வயதுவரை இழுப்பு என்றால் என்னவென்றே அறியாதவன் நான். மருத்துவமனையில் நெபுலைசர் வைத்த பின் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன பெயிண்டில் என்ன கலந்தீர்கள் என்பது. எனக்கு விடை தெரியவில்லை. மகன் வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஆரஞ்சுப் பழத்தின் படமும் ஒரு பானத்தின் பெயரும்தான் இருந்தன.

இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வகை வேதிப்பொருள் இருக்கிறது என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அந்த வாயுவும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டின்னுக்குள் இருக்கும்வரையோ, அடித்த பெயிண்ட் முழுவதும் இறுகிய பிறகோ இதனால் பெரிய ஆபத்தில்லை. ஸ்ப்ரே கன்னிலிருந்து நுண்துளிகளாகப் பறக்கும்போதுதான் நுரையீரலுக்குள் போகிறது. தீங்கு செய்யும் அளவை எட்டிய பிறகும் மூக்குக்கு அது தெரியாமல் போகலாம். உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே இழுப்பை வரவழைக்கப் போதும். என்95 தூசியை வடிக்கும், ஆவியைத் தடுக்காது. பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவுக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக ஐசோசயனேட் கருதப்படுவதால், அங்கே வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடியை அணிகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் டைஐசோசயனேட் (ஐசோசயனேட்டில் ஒரு வகை) உள்ள பொருட்களைத் தொழில்முறையில் கையாள்பவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்கோ அது குளிர்பான பாட்டிலில் கிடைக்கிறது.

மீந்ததை அந்தப் பாட்டிலிலேயே மூடி அலமாரியில் வைத்திருந்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பாட்டில் உப்பி, மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹார்டனர் கரியமில வாயுவை வெளியிடும் என்று அப்போது தெரியாது. அதே அலமாரியில், கைக்கெட்டும் உயரத்தில், என் பேத்தியின் விளையாட்டுச் சாமான்கள் இருந்தன.

வீட்டில் பாடி கிட் மாட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் மாற்றங்களில் சேருமா என்ற வழக்கும் இங்கே எனக்கு வேண்டாம். நான் கேட்பது சிறியது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி வகுத்து, அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. டின்னின் மீதும் அதைக் குறிப்பிட வேண்டும். ஹார்டனரையும் அதுபோல மூடி முத்திரையிட்ட சிறு டின்களில், 100 மில்லி, 200 மில்லி அளவுகளில், உள்ளிருக்கும் பொருளின் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் அச்சிட்டு மட்டுமே விற்க வேண்டும். சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இதில் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பெரிய டின்களை மட்டும் அனுப்பும் நிறுவனங்களுக்கும், மிச்சம் பிடிக்க நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

அரசாணை வரும்வரை, இந்த வேலையில் இறங்கும் இளைஞர்கள் தேய்ப்பு, பட்டி, மாட்டிப் பார்ப்பது அனைத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு, ஹார்டனர் கலந்த ப்ரைமரையும் கிளியர் கோட்டையும் மட்டும் ஸ்ப்ரே பூத் (புகையை வெளியேற்றும் வசதியுள்ள பெயிண்ட் அறை) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் அடித்து வாங்கிக்கொள்ளலாம். தயாரித்த பாகத்துக்குப் பெயிண்ட் மட்டும் அடிக்கக் கேட்கும் கூலி, முழு வேலைக்குக் கேட்பதைவிடக் கணிசமாகக் குறையும். தங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதியை எழுதும்போது இதையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். நான் இப்போது இன்ஹேலரோடுதான் வெளியே போகிறேன். அண்டை வீட்டில் கதவுக்குப் பெயிண்ட் அடித்தாலும் எங்கள் வீட்டு ஜன்னல்களை அடைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை.