சேகருக்கு, பாஸ்தா சாலட் விஷயமாக

மெல்போர்ன்
ஜனவரி கடைசி ஞாயிறு, இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஜனவரி என்பது உங்கள் ஊர் மே மாதிரி, ஆளாளுக்கு விடுமுறை, வாரம் தவறாமல் யாராவது பூங்காவில் கூடலாம் என்று கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு நாள் நாற்பது டிகிரியைத் தாண்டியது. இவளுக்கு மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட், பையன் பெர்த்துக்கு வேலை மாறிப் போய்விட்டான், அதனால் சமையலறை இப்போது முழுக்க என் ராஜ்ஜியம். நீ ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக அலாரத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏற விடாதே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவில் பெரிய கிண்ணத்தில் கலர்கலராக இருந்தது கிரேக்க பாணி பாஸ்தா சாலட். மே மாதம் டல்லாஸுக்கு மகள் வீட்டுக்குப் போகிறாய், ஜூலை 4 அன்று அவர்கள் தெருவில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள், அங்கே வெறுங்கையோடு போய் உட்கார மனசில்லை, இட்லி என்றால் நூறு பேருக்கு ஊற்ற முடியாது. இவ்வளவையும் யோசித்துவிட்டுக் கேட்கிறாய் என்பதே எனக்கு சந்தோஷம். நீ கேட்டதற்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. முந்தின நாளே செய்துவிடலாம், ஆறிப்போய்ச் சாப்பிட வேண்டியதுதான், சூடுபண்ணும் கவலை இல்லை, சைவம், காரம் இல்லாததால் அங்கே எல்லோரும் தொடுவார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாராவது கிரேக்கரிடம் மாட்டிக்கொள்ளாதே. இது கிரேக்க நாட்டுச் சாப்பாடு இல்லை. அமெரிக்காவிலும் இங்கேயும் கோடைக்கால விருந்துக்கு என்று உருவான கலவை இது. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி கலமாத்தா பக்கத்துக் கிராமத்திலிருந்து அறுபதுகளில் கப்பலில் வந்தவள், இங்கே அப்படி வந்து குடியேறிய கிரேக்கர்கள் ஏராளம், ஓக்லி என்ற பகுதிக்குப் போனால் காபிக்கடை வாசலில் நம் ஊர் டீக்கடை மாதிரியே தாத்தாக்கள் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். அந்தப் பாட்டியிடம் முதல் தடவை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பாஸ்தா என்றால் இறைச்சியோடு அடுப்பில் வேகவேண்டியது, சாலட்டில் அதற்கு என்ன வேலை என்று கேட்டாள். அவர்கள் ஊர் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடமிளகாய், ஆலிவ், இவ்வளவுதான், கீரை இலை எதுவும் கிடையாது, மேலே ஃபெட்டா சீஸை ஒரே பாளமாக வைத்து, ஓரிகானோவைக் கசக்கித் தூவி, ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள், சாப்பிடுகிறவன் உடைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் தக்காளி அவர்கள் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான் என்பதைப் பாட்டியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டப்பா திரும்பி வந்திருக்காது.

முதல் வருஷம் நான் இதைச் செய்தபோது படுதோல்வி. இணையத்தில் பார்த்தபடி பாஸ்தாவை லேசாகக் கடிபடும் பதத்தில் இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, எல்லாவற்றையும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் பாஸ்தா ரப்பர், அடியில் தக்காளித் தண்ணீர் ஒரு கரண்டி, மேலே ருசியே இல்லை. பூங்காவில் முக்கால் கிண்ணம் அப்படியே மிச்சம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ரயிலுக்குத் தயிர்சாதம் கட்டும்போது உன் அம்மா என்ன செய்வார்? சாதத்தைக் குழைய வடித்து, தயிர் கொஞ்சமாக, பால் தாராளமாக ஊற்றித் தளரப் பிசைவார், கேட்டால் "போகப்போக இறுகிடும்டா" என்பார். மாவுச்சத்து ஆறினால் இறுகும், அது அரிசியானாலும் கோதுமையானாலும் ஒன்றுதான். அதனால் ஆறிய பிறகு சாப்பிடப்போகிற பாஸ்தாவை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒன்று ஒன்றரை நிமிஷம் கூடுதலாக வேகவிட வேண்டும். சூடாகச் சாப்பிட்டால் கொஞ்சம் குழைந்த மாதிரி தோன்றும், தோன்றட்டும், பயப்படாதே.

அளவு சொல்கிறேன். அமெரிக்காவில் பாஸ்தா ஒரு பவுண்ட் பெட்டியில், அதாவது 454 கிராம், கிடைக்கும். சில வகை 12 அவுன்ஸ் பெட்டியிலும் வரும், அளவைப் பார்த்து வாங்கு. ரோட்டினி என்று திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டிருப்பது வாங்கு, அந்த இடுக்கில்தான் எண்ணெயும் புளிப்பும் ஒட்டும். உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான், ஃபிரிட்ஜ் பகுதியில் விற்கும் ஃபிரெஷ் பாஸ்தாவில் முட்டை இருக்கும், உன் வீட்டம்மாவுக்கு அது ஆகாது என்பதால் சொல்கிறேன். நாலு லிட்டர் தண்ணீர், அதில் நிரம்ப இரண்டு மேஜைக்கரண்டி உப்பு. கை நடுங்கும். போடு. குளிர்ந்த பண்டத்தில் உப்பும் புளிப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும், வேகும்போது உள்ளே போகாத உப்பு அப்புறம் எப்போதும் போகாது.

தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே குழம்பை, குழம்பு என்றால் சாலட்டில் ஊற்றும் டிரெஸ்ஸிங், தயார் செய்துவிடு. மூடி போட்ட பழைய ஊறுகாய் பாட்டில் போதும். அரை கப் நல்ல ஆலிவ் எண்ணெய், கால் கப் சிவப்பு ஒயின் வினிகர், அரை எலுமிச்சை, இரண்டு பல் பூண்டு நசுக்கியது, உலர்ந்த ஓரிகானோ இரண்டு டீஸ்பூன் உள்ளங்கையில் கசக்கி, கடுகு விழுது ஒரு டீஸ்பூன், மிளகு, உப்பு கொஞ்சம். மூடியைப் போட்டுக் குலுக்கு. கடுகு விழுது இருந்தால் எண்ணெயும் வினிகரும் சீக்கிரம் பிரியாது. ஓரிகானோ எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய், உன் வீட்டுத் தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறதே, அதைக் கிள்ளி முகர்ந்து பார், கிட்டத்தட்ட அந்த வாசனைதான், ஆனால் இலை சிறிது, காய்ந்தபின்தான் மணம் தூக்கும். பாட்டி ஒரு கொத்து தலைகீழாகக் கட்டிக் காயவைத்ததை எனக்குக் கொடுப்பாள். அவள் அதை ரிகானி என்பாள்.

பாஸ்தாவை வடித்து, ஒரே ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் அலசி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடுத்து நன்றாக உதறிவிட்டு பாட்டிலில் பாதியை ஊற்றிப் புரட்டு. இதுதான் முக்கியம். சூட்டில்தான் உள்ளே இழுக்கும், புளியோதரைக்குச் சாதம் ஆவி பறக்கும்போது நல்லெண்ணெய் விடுகிற மாதிரி. மீதிப் பாதியை பாட்டிலோடு வைத்திரு, மறுநாள் கிண்ணத்தை எடுக்கும்போது பார்த்தால் முதலில் ஊற்றியது மாயமாகிவிட்டிருக்கும், எல்லாவற்றையும் பாஸ்தா குடித்திருக்கும், அப்போது இதை ஊற்றிக் கிளற வேண்டும்.

காய்களில் இரண்டு விஷயம்தான். வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துவிட்டு நறுக்கு, இல்லாவிட்டால் கிண்ணம் குளமாகும். தக்காளி செர்ரித் தக்காளியாக இருக்கட்டும், பாதியாக வெட்டி, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் போட வேண்டும். குடமிளகாய் எந்த நிறமானாலும் சரி. வெங்காயம் ஊதாத் தோல் உள்ளதை மெல்லிசாக அரிந்து பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் காரம் போய்விடும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் நல்லது.

ஃபெட்டாவைப் பற்றி எழுதாமல் விட்டால் பாட்டி என்னை மன்னிக்கமாட்டாள். உண்மையான ஃபெட்டா ஆட்டுப்பால்தான், குறைந்தது 70 சதவீதம் செம்மறி, மீதி வெள்ளாடு, இரண்டு மாதமாவது உப்புநீரில் கிடந்து பதமாக வேண்டும். ஐரோப்பாவில் 2002-ல் அந்தப் பெயர் கிரேக்கத்துக்கு மட்டும் என்று சட்டமாக்கினார்கள், டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்குப் போட்டுப் பார்த்தன, 2005-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது. நம் ஊரில் ஒரு அல்வாவுக்கு இந்த அளவு போராடினோமா? அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, மாட்டுப்பாலில் செய்ததும் ஃபெட்டா என்றே விற்கும். அது மோசமில்லை, கொஞ்சம் சாதுவாக இருக்கும். எது வாங்கினாலும் பாளமாக, உப்புநீரில் மிதப்பதாக வாங்கு. உதிர்த்த ஃபெட்டா டப்பா வாங்காதே, ஒட்டாமல் இருக்க மாவு மாதிரி ஏதோ தூவியிருப்பதால் வாயில் சுண்ணாம்பு போல இருக்கும். இன்னொன்று, பழைய முறைப்படி செய்யும் சீஸில் பாலைத் திரிக்கக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். சுத்த சைவம் பார்க்கிறவர்கள் உறையில் சைவ ரென்னெட் என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு எடுக்க வேண்டும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, இங்கே வந்து பல வருஷம் தின்ற பிறகுதான் தெரிந்தது. இருநூறு இருநூற்றைம்பது கிராம் போதும், கையால் பெரிய பெரிய துண்டாக உடைத்து, கடைசியில் சேர், அப்புறம் கிளறாதே.

ஆலிவ் கலமாத்தா வகை, ஒரு கப். கொட்டை எடுத்ததாகப் பார்த்து வாங்கு. போன வருஷம் ஒரு நண்பனின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார், எண்பத்தோரு வயது, கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து "அடடே, இங்கேயும் நாவல்பழம் கிடைக்குதா" என்று இரண்டை எடுத்து வாயில் போட்டார். நிறமும் அந்த நிறம், வடிவமும் அந்த வடிவம், அவர்மேல் என்ன தப்பு! உப்பும் கசப்புமாக ஏறியதும் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் பட்ட பாடு. நல்லவேளை கட்டுப்பல் தப்பியது. அன்றிலிருந்து கொட்டை எடுத்ததையும் பாதியாக நறுக்கித்தான் போடுகிறேன்.

டல்லாஸ் ஜூலை வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிப் பண்டம் வெளியில் இரண்டு மணி நேரம் இருக்கலாம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். அங்கே அது நிச்சயம் மேலேதான் போகும். பெரிய தட்டில் ஐஸைக் கொட்டி அதன்மேல் கிண்ணத்தை வை, அல்லது பாதியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடு. வெளியில் கிடந்து மிஞ்சினதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு சாப்பிடுகிற பழக்கம் உனக்கு உண்டு என்று தெரியும், ஹாஸ்டல் பிரியாணி ஞாபகம் இருக்கிறதா, அதனால் சொல்கிறேன். ஒரு சின்னத் தாளில் கோதுமை, பால், பூண்டு, கடுகு இருக்கிறது என்று எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல் மகளை, ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். பரிமாறும் கரண்டியையும் மறக்காதே, எல்லா இடத்திலும் இல்லாமல் போவது அதுதான்.

ஒரு பெட்டி பாஸ்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரத்தில் வைத்துச் சாப்பிடலாம். ஊரிலேயே ஒரு தடவை ஒத்திகை பார்க்க நினைத்தால் பாஸ்தாவும் ஆலிவும் பெரிய கடைகளில் கிடைக்கும், ஃபெட்டா அகப்படாவிட்டால் பனீரை உப்புத்தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து ஒரு ராத்திரி ஊறப்போடு. அது ஃபெட்டா ஆகாது, ஆனால் கை பழகும்.

பாட்டி விஷயம் பாதியில் நின்றுவிட்டதே. இப்போதெல்லாம் கிண்ணம் தயாரானதும் என்னை உட்கார வைத்துவிட்டு அவளே மேலே ஆலிவ் எண்ணெயை இன்னொரு சுற்று ஊற்றுகிறாள், எனக்குத் தாராள மனசில்லையாம். சாலட் என்று மட்டும் இன்னும் சொல்வதில்லை, "உன் மக்கரோனி" என்கிறாள். இந்த ஞாயிறு அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, பூங்காவுக்கு வரவில்லை, அதனால் தனியாக ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன், காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மணி பதினொன்று ஆகிறது. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், துபாய் வழியா தோஹா வழியா என்பதையும் எழுது, அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும்.

அன்புடன்,
ராமு